பழைய எக்கோ எங்கே?

கீமோ தொடங்குவதற்கு முன் ஒரு எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், எடுத்து வரச் சொல்வார்கள். பயாப்ஸி, ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, இன்சூரன்ஸ் கையெழுத்து என்று ஓடிக்கொண்டிருக்கும் வீட்டாருக்கு அதுவும் இன்னொரு சீட்டு, அவ்வளவுதான். எடுத்தாயிற்று, காட்டியாயிற்று, கீமோவுக்குத் தேதியும் கிடைத்துவிட்டது என்றால் அந்தத் தாள் ஃபைலின் அடிக்குப் போய்விடும். என்னைக் கேட்டால், பயாப்ஸி ரிப்போர்ட்டுக்கு அடுத்தபடியாகப் பத்திரப்படுத்த வேண்டிய தாள் அதுதான். ஏன் என்பதை ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கமிருந்து பெங்களூருக்கு வைத்தியத்துக்கு வருகிற நம் ஆட்களுக்காக எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. அத்தையின் சிகிச்சை முழுக்க ஃபைலோடு கூடவே நடந்தவள். நடக்கும்போது கேட்டதையும் பிறகு உட்கார்ந்து படித்ததையும்தான் சொல்கிறேன்.

அத்தைக்கு இடது மார்பில் கட்டி. ஹெர்2 பாசிட்டிவ் என்று வந்தது, அதாவது புற்றுச் செல்லின் மேல் ஹெர்2 என்ற புரதம் அதிகம். ஊர் கிருஷ்ணகிரி பக்கம். சிகிச்சைக்காகப் பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டில் தங்கினார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை என டாக்சோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் நான்கு சைக்கிள் (சுற்று), அதன்பின் பேக்லிடாக்சல் என்ற இன்னொரு கீமோ மருந்து, அதோடு சேர்த்து டிராஸ்டுசுமாப் ஊசி. டிராஸ்டுசுமாப் மட்டும் ஓராண்டு நிறையும்வரை தொடரும். ஆபரேஷன், ரேடியேஷன் தனி. இந்தப் பட்டியலில் இதயத்தைத் தொடக்கூடிய மருந்துகள் இரண்டு இருக்கின்றன. இடது பக்கத்து ரேடியேஷனையும் சேர்த்தால் மூன்று. அத்தைக்கு ஏற்கெனவே பிரஷர் உண்டு.

டாக்சோரூபிசினை எல்லோரும் சிவப்பு மருந்து என்பார்கள். பார்க்க அப்படித்தான் இருக்கும். ஏற்றிய பிறகு ஓரிரு நாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும். இத்தாலியில் மண்ணில் கண்டெடுத்த ஒரு பாக்டீரியாவிலிருந்து பிறந்த மருந்து. அமெரிக்காவில் 1974இல் அனுமதி கிடைத்தது. அரை நூற்றாண்டு கடந்தும் மார்பகப் புற்றுநோய், லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்), எலும்புப் புற்றுநோய் என்று பல இடங்களில் இதற்கு ஈடாக ஒன்றை வைக்க முடியவில்லை. இதைக் கண்டு பயந்து ஓடுவதற்காக நான் எழுதவில்லை. அத்தை இன்று உயிரோடு இருப்பதில் இந்த மருந்துக்குப் பங்குண்டு.

செல் பிரியும்போது உள்ளே இருக்கும் டி.என்.ஏ. இழை சிக்காகிவிடும். சிக்கு விழுந்த நூலை ஓரிடத்தில் அறுத்து, பிரித்து, மறுபடி முடிச்சுப் போடுவதுபோல வேலை செய்கிற ஒரு நொதி இருக்கிறது. டோபோஐசோமரேஸ் 2 என்று பெயர். டாக்சோரூபிசின் அந்த நொதியை அறுத்த நிலையிலேயே பிடித்து நிறுத்திவிடும். முடிச்சுப் போட ஆளில்லாமல் புற்றுச் செல் சாகும். இந்த நொதியில் இரண்டு வகை உண்டு. வேகமாகப் பெருகும் செல்களில் ஆல்ஃபா வகை அதிகம். இதயத் தசையில் இருப்பது பீட்டா வகை. மருந்துக்கு இரண்டும் ஒன்றுதான். இதயத் தசைக்குள்ளும் அதே சேதத்தைச் செய்கிறது. எலிகளின் இதயத்தில் பீட்டா வகையை நீக்கிவிட்டு மருந்தைக் கொடுத்தபோது இதயம் தப்பியது என்று 2012இல் ஒரு ஆய்வு காட்டியது. புற்றுநோய்க்காரருக்குக் கொட்டிய முடி திரும்ப வளர்கிறது, வாய்ப்புண் ஆறுகிறது. இதயத் தசைச் செல் மட்டும் கிட்டத்தட்ட திரும்ப முளைப்பதே இல்லை. 25 வயதில் ஆண்டுக்கு 1 சதவீதம், 75 வயதில் அரை சதவீதத்துக்கும் கீழே என்று 2009இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

ஆகவே இந்த மருந்துக்கு வாழ்நாள் கணக்கு ஒன்று உண்டு. உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கூட்டிக்கொண்டே வருவார்கள். மூன்று பெரிய ஆய்வுகளின் நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்து 2003இல் வெளியிட்ட கணக்கு இது: மொத்தம் 400 மி.கி. வாங்கியவர்களில் சுமார் 5 சதவீதத்தினருக்கு இதயச் செயலிழப்பு. 550இல் 26 சதவீதம். 700இல் 48 சதவீதம். அத்தைக்கு ஒரு சைக்கிளுக்கு 60 வீதம் நான்கு சைக்கிளில் 240. எல்லைக்கு உள்ளேதான். ஆனால் இந்த எண்கள் ஒரு கூட்டத்தின் சராசரி. பிரஷர், சர்க்கரை, வயது, ஏற்கெனவே இதயநோய், முன்பு மார்பில் ரேடியேஷன் வாங்கியது, இவையெல்லாம் இருந்தால் குறைந்த அளவிலேயே பாதிப்பு வரலாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் பல நேரம் மருந்தின் பெயரும் எத்தனை சைக்கிள் என்பதும் மட்டும்தான் இருக்கும். மொத்தம் எத்தனை மில்லிகிராம் போயிருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பத்து வருடம் கழித்து வேறு ஊரில், வேறு டாக்டரிடம், வேறு புற்றுநோய்க்காகப் போய் நின்றால் அந்த எண் இல்லாமல் அவரால் கணக்குப் போட முடியாது.

டிராஸ்டுசுமாபின் கதை வேறு. புற்றுச் செல்லின் மேல் இருக்கும் ஹெர்2 என்ற புரதத்தைப் போய்ப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி அது. 1998இல் அமெரிக்காவில் வந்தது. 2014 தொடக்கத்தில் பெங்களூரின் பயோகான் மூல மருந்தைவிடக் குறைந்த விலையில் தன் பதிப்பை இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2017 டிசம்பரில் அமெரிக்காவும் அதற்கு அனுமதி தந்தது. நம் பக்கத்துப் பெண்கள் பலருக்கு இந்த மருந்து எட்டியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஹெர்2 இதயத் தசையிலும் இருக்கிறது. இதயத்துக்கு அழுத்தம் வரும்போது தன்னைத் தானே சரிசெய்துகொள்ள அது உதவுகிறது. அதை மருந்து அடைத்துவிட்டால் தசை சோர்ந்துபோகும், ஆனால் பெரும்பாலும் சாகாது. மருந்தை நிறுத்தினால் பொதுவாகத் திரும்பிவிடும். டாக்சோரூபிசின் குடும்பத்து மருந்தோடு இதை ஒரே நேரத்தில் கொடுத்த பழைய ஆய்வில், 2001இல் வெளியானது, 27 சதவீதத்தினருக்கு இதயப் பாதிப்பு தெரிந்தது. அதற்குப் பிறகுதான் ஒன்று முடிந்தபின் மற்றொன்று என்ற வரிசை நிலைத்தது. இதயம் ஏற்கெனவே பலவீனமானவர்களுக்குச் சிவப்பு மருந்தே இல்லாமல் டோசிடாக்சல், கார்போபிளாட்டின், டிராஸ்டுசுமாப் என்று தருகிற வழியும் உண்டு. தீவிர இதயச் செயலிழப்பு அந்த வழியில் 0.4 சதவீதம், சிவப்பு மருந்தோடு சேர்ந்த வழியில் 2 சதவீதம் என்று 2011இல் வந்த பெரிய ஆய்வில் இருந்தது. "எங்களுக்கு அது ஒத்துவருமா டாக்டர்?" என்று முதல் நாளே கேட்கலாம்.

சரி, எக்கோவுக்கு வருவோம். அதில் எல்லோரும் பார்ப்பது இ.எஃப். என்ற எண். ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறையில் நிறைந்திருக்கும் இரத்தத்தில் எத்தனை பங்கு வெளியே தள்ளப்படுகிறது என்பது அது. அத்தைக்கு முதல் எக்கோவில் 66. டிராஸ்டுசுமாப் நடக்கும்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ. இடையில் ஒரு எக்கோவில் 55 என்று வந்தது. ரிப்போர்ட்டின் கடைசி வரியில் 'இடது அறை இயக்கம் நன்று'. சிகிச்சை நடந்த மருத்துவமனையில் ஓ.பி.யில் இருந்த டாக்டர் அந்தக் கடைசி வரியைப் பார்த்துவிட்டு "நார்மல்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஒரு பெண்ணுக்கு 54க்கு மேல் இருந்தால் அது நார்மல் எல்லைதான். வெளியே அன்றைக்குக் கூட்டம் வராந்தா வரை நின்றது.

டே கேரில் ஊசி போட உட்கார்ந்திருந்தபோது அங்கிருந்த மூத்த சிஸ்டர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "பழைய எக்கோ எங்கே?" என்று கேட்டார். ஃபைலில் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "பதினொண்ணு இறங்கியிருக்கு. இதய டாக்டர்கிட்ட காட்டாம இன்னைக்கு ஊசி வேண்டாம், நான் டாக்டர்கிட்ட பேசுறேன்" என்றார். எனக்கு அந்த நிமிடம்தான் புரிந்தது. 55 என்பது யாரோ ஒருவருக்கு நார்மல். அத்தையின் நார்மல் 66.

இதய டாக்டர் ஸ்ட்ரெய்ன் என்ற இன்னொரு எண்ணைப் பார்த்தார். இதயத் தசை ஒவ்வொரு துடிப்பிலும் நீளவாட்டில் எவ்வளவு சுருங்குகிறது என்று அளப்பது அது. இ.எஃப். இறங்குவதற்கு முன்பே ஸ்ட்ரெய்ன் இறங்கத் தொடங்கிவிடும். ஒருவரின் சொந்தத் தொடக்க அளவிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் கவனிக்க வேண்டும் என்பது இப்போதைய வழிகாட்டல். அத்தைக்கு முதலில் 20 இருந்தது 16க்கு வந்திருந்தது. ஐந்தில் ஒரு பங்கு போயிருக்கிறது. முதல் எக்கோவில் ஸ்ட்ரெய்ன் எடுக்காமல் விட்டிருந்தால் இந்த 16ஐ எதோடு ஒப்பிடுவது? அதனால்தான் கீமோவுக்கு முந்தைய எக்கோவில் 'ஸ்ட்ரெய்னும் சேர்த்து எடுங்கள்' என்று கேட்கச் சொல்கிறேன். எல்லா மெஷினிலும் அந்த வசதி இருக்காது. இருக்கிற இடத்தில் எடுங்கள். அப்புறம் கடைசிவரை அதே இடத்தில், முடிந்தால் அதே மெஷினில் எடுங்கள். சாதாரண எக்கோவில் ஆளுக்கு ஆள், மெஷினுக்கு மெஷின் இ.எஃப். எண் பத்து புள்ளிவரை மாறலாம். ஒரு தடவை பெங்களூர், ஒரு தடவை கிருஷ்ணகிரி, ஒரு தடவை ஓசூர் என்று எடுத்தால் இறக்கம் இதயத்தினுடையதா மெஷினுடையதா என்று யாருக்கும் தெரியாது. பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போகும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொல்கிறேன்.

அத்தையைக் கேட்டால் தனக்கு ஒன்றுமே இல்லை என்றுதான் சொன்னார். மாடிப்படி ஏறினால் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, ராத்திரி இன்னொரு தலையணை வைத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். "கீமோ போட்டா அப்படித்தான் கண்ணு இருக்கும்." எல்லா வீட்டிலும் இப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். படுத்தால் மூச்சுத் திணறல், கணுக்கால் வீக்கம், ராத்திரி இருமல், இரண்டு மூன்று நாளில் எடை சட்டென்று ஏறுவது, இவற்றைக் கீமோவின் களைப்பு என்று ஒதுக்கிவிடக் கூடாது. வீட்டில் ஒரு எடைபோடும் மெஷின் இருப்பது நல்லது.

அத்தைக்கு எனலாப்ரில், கார்வெடிலால் என்ற இரண்டு இதய மாத்திரைகளையும் சின்ன அளவில் தொடங்கினார்கள். இ.எஃப். 50க்கு மேல் இருந்ததால் டிராஸ்டுசுமாபைக் கைவிடவில்லை. சில நாள் தள்ளிப் போட்டு, எக்கோவை அடிக்கடி ஆக்கி, தொடர்ந்தார்கள். முதல் வாரம் எழுந்து நின்றால் தலை சுற்றியது, அளவை மெதுவாக ஏற்றினார்கள். இ.எஃப். 60க்குத் திரும்பியது. ஓராண்டு ஊசியும் முடிந்தது.

அன்றைக்கு அது நார்மல் என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பிறகு நிறையப் படித்தேன். மிலானில் டானியேலா கார்டினாலே என்ற இதய மருத்துவரின் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வு என்னை உலுக்கியது. டாக்சோரூபிசின் வகை மருந்தால் இதயம் பலவீனமான 201 பேர். கீமோ முடிந்து இரண்டு மாதத்துக்குள் இதய மருந்து தொடங்கியவர்களில் 64 சதவீதத்தினருக்கு இதயம் முழுக்கத் திரும்பியது. ஆறு மாதம் தாண்டித் தொடங்கியவர்களில் ஒருவருக்கும் முழுக்கத் திரும்பவில்லை. அதே குழு 2015இல் 2,625 பேரைத் தொடர்ந்து பார்த்ததில் சுமார் 9 சதவீதத்தினருக்குப் பாதிப்பு வந்தது, அதில் கிட்டத்தட்ட எல்லாமே முதல் ஓராண்டுக்குள் பிடிபட்டது. அந்த ஒரு வருடத்தில் எக்கோவைத் தள்ளிப் போடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

முன்கூட்டியே காக்கிற மருந்துகளும் உண்டு. டெக்ஸ்ராசாக்சேன் என்பதைச் சிவப்பு மருந்துக்குச் சற்று முன்பு, அதைப்போலப் பத்து மடங்கு அளவில் ஏற்றுவார்கள். அதிக அளவு வாங்கப்போகிறவர்களுக்கு அது பயன்படுகிறது. மருந்தைக் கொழுப்புக் குமிழிக்குள் அடைத்து, இதயத்தில் அதிகம் இறங்காமல் செய்த லிப்போசோமல் வகையும் இருக்கிறது. கொலஸ்ட்ரால் மாத்திரையான அட்டோர்வாஸ்டேட்டினை லிம்போமா நோயாளிகள் 300 பேரிடம் சோதித்த ஆய்வு 2023இல் வந்தது: மாத்திரை எடுத்தவர்களில் 9 சதவீதம், எடுக்காதவர்களில் 22 சதவீதம் என்று இ.எஃப். இறக்கம். மார்பகப் புற்றுநோய்ப் பெண்கள் அதிகம் இருந்த இன்னொரு ஆய்வில் அதே மாத்திரை பெரிய வித்தியாசம் எதையும் காட்டவில்லை. ஆகவே மெடிக்கல் ஷாப்பில் நாமே வாங்கிப் போடுகிற விஷயம் இல்லை இது. மருதம்பட்டைக் கஷாயமும் அப்படித்தான். இதயத்துக்கு நல்லது என்று ஊரிலிருந்து யாராவது பொட்டலம் கட்டி அனுப்புவார்கள். அன்பு புரிகிறது, ஆனால் டாக்டருக்குத் தெரியாமல் கீமோவோடு எதையும் கலக்கக் கூடாது. இதயம் கெட்டுவிடும் என்று கேள்விப்பட்டுப் பாதியில் கீமோவை நிறுத்துகிறவர்களையும் பார்த்தேன். அது இதைவிடப் பெரிய ஆபத்து. நிறுத்துவதா, தள்ளுவதா, மாற்றுவதா என்பதைப் புற்றுநோய் டாக்டரும் இதய டாக்டரும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

சேர்ந்து என்பதுதான் கஷ்டம். பெங்களூரில் 1973இல் தொடங்கிய கித்வாய் புற்றுநோய் மையம் ஓசூர் ரோட்டுப் பக்கம். ஜெயதேவா இதய மருத்துவமனை பன்னேர்கட்டா ரோட்டில், சில கிலோமீட்டர் தூரம்தான். இரண்டும் கர்நாடக அரசு சார்ந்தவை. 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தட மெட்ரோவில் ஓசூர் பக்கமிருந்து வருகிறவர்கள் பொம்மசந்திராவில் ஏறினால் ஜெயதேவா வாசலிலேயே ஸ்டேஷன். இவ்வளவு பெரிய இரண்டு இடங்கள் இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஊர் நாட்டில் அதிகம் இல்லை. ஆனாலும் பல நோயாளிகளுக்கு, எங்கே வைத்தியம் பார்த்தாலும், இந்த டாக்டர் சொன்னதை அந்த டாக்டருக்குக் கொண்டுசேர்ப்பது வீட்டு ஆள்தான். ஒரு தாளில் மூன்று கோடு போட்டு தேதி, இ.எஃப்., ஸ்ட்ரெய்ன் என்று வரிசையாக எழுதி ஃபைலின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். அவசரத்தில் இருக்கும் டாக்டரும் அதைப் பார்ப்பார்.

இடது மார்புக்கு ரேடியேஷன் என்றால் மூச்சை இழுத்துப் பிடித்து எடுக்கும் முறை இருக்கிறதா என்று கேளுங்கள். நுரையீரல் விரியும்போது இதயம் மார்புச் சுவரிலிருந்து விலகும், கதிர் படுவது குறையும். கேப்சிடாபின் என்ற கீமோ மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நெஞ்சுவலி வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதய இரத்தக் குழாய் இறுகிக்கொள்ளும் வாய்ப்பு அதில் உண்டு. உடலின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டிவிடும் இம்யூனோதெரபியில் இதயத் தசை அழற்சி அரிதாகத்தான் வரும், ஆனால் வந்தால் உயிர்போகும் அளவுக்கு வரும், பெரும்பாலும் முதல் சில மாதங்களில்.

சிகிச்சை முடிந்தபின் பிரஷரும் சர்க்கரையும்தான் பெரிய வேலை. அத்தை ஊருக்குத் திரும்பிவிட்டார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார்கள். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். வருகிற பெண்ணிடம் கீமோ வாங்கிய விவரத்தை அத்தை முதல் நாளே சொல்லிவிட்டார். தினமும் நடக்கிறார். முடிந்து ஓராண்டில் எடுத்த எக்கோ நன்றாக இருந்தது. அவரைப் போன்ற ஆபத்து உள்ளவர்களுக்கு மூன்றாம் ஆண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் எடுக்க வேண்டும், அதன்பின் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை.

குழந்தையாக இருக்கும்போது சிவப்பு மருந்து வாங்கியவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குச் சின்ன வயதில் இரத்தப் புற்றுநோய் வந்து குணமானது. கல்யாணப் பேச்சு வந்தபோது அவள் அம்மா அந்த ஃபைலையே வீட்டைவிட்டு அப்புறப்படுத்தப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம். அந்தப் பயத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் சமூகம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் கர்ப்ப காலத்தில் உடலில் இரத்தத்தின் அளவு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகும். இருபது வருடம் அமைதியாக இருந்த இதயப் பலவீனம் அப்போது வெளியே வரலாம். கர்ப்பம் தரிக்கும் முன்போ, முதல் மூன்று மாதத்திலோ எக்கோ பார்க்க வேண்டும் என்று 2022இல் வந்த ஐரோப்பிய இதய மருத்துவ வழிகாட்டல் சொல்கிறது. யாரிடம் மறைத்தாலும் பிரசவ டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

அத்தைதான் அந்த அம்மாவோடு உட்கார்ந்து பேசினார். "எம் நெஞ்சு தப்பிச்சது பழைய தாளாலதான்மா. உம் பொண்ணுக்கு அதை எடுத்துக் குடு, வேற யாருக்கும் காட்ட வேண்டாம்." ஃபைல் இப்போது அந்தப் பெண்ணிடமே இருக்கிறது. மொத்த அளவை பழைய சம்மரியிலிருந்து கூட்டி முதல் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். கல்யாணத்துக்கு முந்தைய மாதம் ஒரு எக்கோ எடுத்தாள், ஸ்ட்ரெய்னோடு.